காலித் தூக்கு: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு சண்டைக் கணக்கு

இந்தப் பயணம் போனது 2007 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை. எழுதுவது தீபாவளி முடிந்த பிறகு. நடுவில் மூன்று மாதம் ஓடிவிட்டதால் பஸ் கட்டணத்தில் ஐம்பது காசு முன்னே பின்னே இருந்தால் என்னைத் திட்டாதீர்கள், நடத்துநரைத் திட்டுங்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கட்டி எழுதுகிறேன், ஆகவே வர்ணனை குறைவாகத்தான் இருக்கும்.

போன காரணம், எங்கள் பள்ளிப் பட்டிமன்றம். தலைப்பு: மனிதர்கள் சண்டைக்கு மதம்தான் காரணமா? சீட்டு குலுக்கியதில் எனக்கு 'மதமே' என்று வந்தது. என் நண்பன் யூசுபுக்கு 'மதமல்ல'. யூசுப் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்து பெஞ்சுக்காரன். இரண்டில் வீடு மட்டும் அந்த மாதக் கடைசியோடு முடியப்போகிறது. அவர்கள் காலி செய்துகொண்டு பொத்தேரிக்குப் போகிறார்கள். மறைமலை நகரில் பட்டறை வேலைக்குப் போகும் அவன் அப்பாவுக்குப் பக்கம் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம், எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பத்து மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவங்க வேற, இவங்க வேற. எத்தினி நாளைக்கு ஒத்துப் போவும்?"

எங்கள் திட்டம் எளிமையானது. ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றுவது, கண்ணில் படும் சண்டைகளை எல்லாம் ரஃப் நோட்டில் எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் காரணம் போடுவது. மதம் என்று வந்தால் எனக்கு ஒரு புள்ளி, இல்லாவிட்டால் அவனுக்கு. நோட்டு அவன் கையில். என்னை நம்பி நோட்டைக் கொடுக்க அவன் என்ன முட்டாளா?

காலை 6.50க்கு செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் திருக்கழுக்குன்றம் போகும் வண்டி நின்றது. தூரம் 14 கிலோமீட்டர், கட்டணம் ஆறு ரூபாய். முகூர்த்த நாள் என்பதால் நல்ல கூட்டம். இந்த நிலையத்தில் இடம் பிடிக்கும் முறை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: வண்டி வளைந்து வரும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ துண்டோ இருக்கையில் போட வேண்டும். அதன் பிறகு சாவகாசமாக ஏறலாம். போட்ட துணிக்கு ஊரே மரியாதை கொடுக்கும்.

நான் கொடுக்கவில்லை. முதலில் ஏறியவன் என்பதால், சிவப்புக் கட்டம் போட்ட ஒரு கைக்குட்டையை எடுத்துப் பின் இருக்கைக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்த பச்சைத் துண்டை முன்னால் போட்டேன். என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். பச்சைத் துண்டுக்காரர் வெள்ளை வேட்டியில் வாழைத்தாரோடு வந்தார். சிவப்புக் குட்டைக்காரர் கல்யாணத்துக்குப் போகிறவர், தலைக்கு எண்ணெய் தடவிச் சீவியிருந்தார்.

"யோவ், இது என் சீட்டு. ஜன்னலாண்ட நின்னு நான் போட்டது" என்றார் குட்டைக்காரர்.

"உன் குட்டை பின்னாடி கீது பாரு. கண்ணு தெரியல?"

"நான் எதுக்குய்யா பின்னாடி போடப் போறேன்? எனுக்கு அங்க குலுக்குனா வாந்தி வரும்."

"அப்போ என் துண்டு தானா நடந்து முன்னால வந்துச்சா?"

வாழைத்தார் நடுவில் நசுங்கியது. நடத்துநர் வந்து இரண்டு பேரையும் வேறு வேறு பக்கம் உட்கார வைத்தார். அதற்குள் எனக்கு முன்னால் இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "செய்யூர் பக்கத்து ஆளு அவரு. அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு வருவாங்க." அவர் செய்யூர்தான் என்பது வாழைத்தாரைப் பார்த்து அந்த அம்மா கண்டுபிடித்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யூசுப் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து எழுதி என் பக்கம் நீட்டினான். 'சண்டை 1. இடம்: பஸ். காரணம்: மதம் அல்ல, ஊர் அல்ல, இவன்.'

"பாத்துட்டியா?"

"நீ நகத்துனத பாத்தேன். அந்த ஆளு வாழைத்தாரு நசுங்குனதயும் பாத்தேன். இன்னாடா கெடைக்குது உனுக்கு இதுல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியில் பார்க்க ஏரி, வயல், சவுக்குத் தோப்பு எல்லாம் உண்டு. நான் எதையும் பார்க்கவில்லை.

7.30க்குத் திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுவது நல்லது, தண்ணீர் பாட்டில் கட்டாயம். பையில் தேங்காய் பழம் வைத்திருந்தால் குரங்குகளுக்கு உங்கள் பெயர், முகவரி எல்லாம் தெரிந்துவிடும். பாதிப் படியில் ஒரு குரங்கு ஒரு குடும்பத்தின் அர்ச்சனைப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. உடனே கணவனும் மனைவியும் பையை யார் பிடித்திருக்க வேண்டும் என்று தொடங்கி, அவருடைய தங்கை கல்யாணம் வரைக்கும் போனார்கள். 'சண்டை 2. காரணம்: குரங்கு, பிறகு நாத்தனார்.' சாமி கும்பிட வந்த இடத்தில் நடந்ததால் எனக்கு அரைப் புள்ளியாவது வேண்டும் என்று கேட்டேன். குரங்குக்கு மதம் இல்லை என்று மறுத்துவிட்டான்.

மேலே போய்ச் சேர 8.15. இந்த ஊரின் புகழே உச்சி வேளையில் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும் இரண்டு கழுகுகள்தான். அவை வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது, அதை நம்பி யாரும் ஏறாதீர்கள். கழுகில்லாத கழுக்குன்றத்திலும் காற்று அருமை. கீழே பெரிய கோயிலின் கோபுரங்கள், சங்கு தீர்த்தக் குளம், சுற்றிலும் பச்சை. நான் உள்ளே போய்த் திருநீறு வாங்கி வரும்வரை யூசுப் வெளியே பாறையில் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், உன் சைடுக்கு ஒரு பாயிண்ட் தரேன்" என்றான். "ஓசியாவே வெச்சிக்கோ."

"இன்னா?"

"நம்ம வூட்டு கதைய சொல்லு. பத்து வருசம் ஒண்ணுமண்ணா இருந்தாங்க, இப்ப பேச்சே இல்ல. மதத்த வுட்டா வேற இன்னா காரணம் சொல்லுவ? அதுக்கு என்னாண்ட பதில் இல்ல. நீ தாராளமா ஜெயிக்கலாம்."

கழுகுக்குச் சோறு வைத்த பாறையையே பார்த்துக்கொண்டு சொன்னான். கிண்டலே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

இங்கே வாசகர்களுக்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். 2006இல் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. நோன்பு மாதம் முழுக்க யூசுப் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். எங்கள் தெருவில் யார் வீட்டுப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். தீபாவளி அன்று காலை அம்மா அந்தத் தூக்கில் பதினெட்டு அதிரசம் அடுக்கி என்னிடம் கொடுத்தாள். நேரே போகாமல் மைதானம் வழியாகப் போனேன். அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பதினொன்று தின்றார்கள், நான் ஏழு. காலித் தூக்கை யூசுப் வீட்டு வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ரம்ஜான். ஒவ்வொரு வருடமும் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அம்மா வெங்காயத் தயிர்ப் பச்சடி மட்டும் செய்து வைப்பாள், பிரியாணி சுவர் தாண்டி வரும். அந்த வருடம் பச்சடி மட்டும் இருந்தது. மூன்று மணி வரை காத்திருந்துவிட்டு அம்மா உலை வைத்தாள். "சாமிக்குப் படைச்ச பலகாரம்னு புடிக்கல போல" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

உண்மை எனக்குத் தெரியாதா? பாதி தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். ஊரே மதத்தைக் கைகாட்டும்போது நான் எதற்குக் கையைத் தூக்க வேண்டும்? மதம் எனக்குப் பத்து மாதம் ஜாமீன் கொடுத்திருந்தது.

இறங்கி, டீ குடித்து (இரண்டு பேருக்கு ஆறு ரூபாய், அவன் கொடுத்தான்), 10.05க்கு மாமல்லபுரம் வண்டி. 16 கிலோமீட்டர், ஏழு ரூபாய். போய்ச் சேர 10.45. இறங்கிய இடத்திலேயே சண்டை 3: ஒரு வெள்ளைக்காரருக்காக இரண்டு வழிகாட்டிகள் முட்டிக்கொண்டார்கள். "நான்தான் மொதல்ல குட்மார்னிங் சொன்னேன்" என்பது ஒருவர் வாதம். இரண்டு பேர் நெற்றியிலும் ஒரே கோயில் குங்குமம். யூசுப் தன் பக்கம் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் குன்று. இங்கே டிக்கெட் கிடையாது. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது போலப் போட்டோ எடுக்க வரிசை நிற்கும், சரிவில் வழுக்கும், ஜாக்கிரதை. அந்தப் பாறை நூற்றாண்டுகளாக உருளவில்லை. நான் இரண்டு நிமிடத்தில் உருண்டேன். குன்றின் மேலேயே ராமானுஜ மண்டபம் என்று ஒரு குடைவரை இருக்கிறது. அதன் உள் சுவர்களில் ஒரு காலத்தில் இருந்த பெரிய சிற்பங்களை உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். உருவங்களின் நிழல் மாதிரித் தடம் மட்டும் தெரிகிறது. சிவனுடைய சிற்பங்கள், பிறகு வந்த வைணவர்கள் எடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்வது. யார், எப்போது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் தேடி வந்த சாட்சி இதுதான்.

"இது மதச் சண்டை. மறுக்க முடியாது. போடு ஒரு புள்ளி."

யூசுப் சுவரைத் தடவிப் பார்த்தான். "போடறேன். இதுக்கு மதம்தான் காரணம், பொய் சொல்ல மாட்டேன்." எழுதினான். பிறகு, "இப்ப நம்ம வூட்டு கதையும் சேர்த்தா உனுக்கு ரெண்டு" என்றான்.

அவன் நேர்மையாகப் புள்ளி கொடுக்கக் கொடுக்க, நான் நோட்டைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். கீழே வந்தோம். அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்தின் எதிரே போய் நின்றோம். யானைகளை எல்லோரும் பார்ப்பார்கள், மதம் பிடிக்காத சாதுவான யானைகள். நீங்கள் யானைக்குக் கீழே பக்கவாட்டில் பாருங்கள். ஒரு பூனை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். பூனை திருந்திவிட்டதாக நம்பி நிற்கின்றன.

"நீதான்டா அது" என்றான் யூசுப் சிரித்துக்கொண்டே.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் நான் அப்போதே சொல்லிவிட்டேன். அதிரசம், மைதானம், மணி, எல்லாம். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து மாதமாக எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா?

யூசுப் நோட்டை மூடினான்.

"எங்கம்மா அன்னிக்கி புதுப் புடவ கட்டிக்கினு வாசல்ல நின்னாங்கடா. தீபாவளிக்கு உங்க வூட்டுக்கு வர்றதுக்கு. தூக்க தொறந்து பாத்துட்டு உள்ள போனவங்கதான். 'நம்ம கஞ்சியக்கூட இஷ்டமில்லாமதான் வாங்கிக்கினு இருந்தாங்க போல'ன்னாங்க. அந்தத் தூக்க அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. பரண் மேல கவுத்து வெச்சிக்கீறாங்க."

சொல்லிவிட்டு நடந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை. உளிச் சத்தம் கேட்கும் சிற்பக் கடைகளைத் தாண்டி அவன் கடற்கரைப் பக்கம் திரும்புவது தெரிந்தது. அங்கே நின்றிருந்தால் வீடு காலி ஆவதோடு பெஞ்சும் காலி என்று புரிந்தது. பின்னாலேயே போய்க் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து யூசுப் எழுந்து போய், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் ஒரு தட்டு வாங்கி வந்தான், ஐந்து ரூபாய். என் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டுகூடத் தராமல் முழுக்கத் தின்றான்.

"ஒண்ணு" என்றான் காலித் தட்டைக் காட்டி. "பதினெட்டு அதிரசத்துக்குப் பதினெட்டு தட்டு. இன்னும் பதினேழு கீது, உன் காசுல."

"சரி."

"இன்னா சரி? உங்கம்மாகிட்ட இன்னிக்கே சொல்ற. நான் சொல்ல மாட்டேன். எங்க வூட்ல மட்டும் நான் சொல்றேன்."

"ஒத வுழும்டா."

"வுழட்டும். எனுக்குப் பாக்கணும்."

அதன் பிறகு அளவுச் சாப்பாடு, தலைக்கு இருபத்தைந்து ரூபாய், மீன் குழம்பு சுமார். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், பத்து ரூபாய், அன்றைக்கு மட்டும் செல்லும். பார்த்தோம். அழகாக இருந்தன என்று மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், நம்புங்கள். நான் மனதுக்குள் அம்மாவிடம் சொல்வதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 3.30க்கு நேர் வண்டி, 30 கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். யூசுப் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டான். நான் கையைக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

4.40க்கு வீடு. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீரில் கையை வைத்தபடியே இருந்தாள்.

"அப்போ அந்தம்மா தொறந்து பாத்தப்போ உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"இல்லம்மா."

"காலித் தூக்க நானே குடுத்து அனுப்புனேன்னு இல்ல நெனச்சிருப்பா?"

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் காதைப் பிடித்தாள். அந்த நிலையிலேயே வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசல் வரை போனேன். கட்டணம் இல்லை, தூரம் பன்னிரண்டு அடி, வலி அதிகம். யூசுப் வீட்டு வாசலில் அவன் அம்மா நின்றிருந்தார். கையில் அந்தத் தூக்கு. பரணிலிருந்து அப்போதுதான் எடுத்திருக்க வேண்டும், முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யக்கா, நான் ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கணும்."

"நான்தான்டி கேக்கல. பிரியாணி எங்கடின்னு அன்னிக்கே வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டா நீங்க தப்பா எடுத்துப்பீங்களோன்னு..."

"நானும் அதேதான் நெனச்சேன். இதே முனை வூட்டு சரோஜா காலிப் பாத்திரம் குடுத்திருந்தா சும்மா வுட்டிருப்பனா நான்?"

"தெருவே கேக்க கத்தியிருப்பீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் காது இன்னும் அம்மா கையில்தான் இருந்தது. பின்னால் யூசுப் தெளிவாகப் பார்க்க வசதியாகப் படியில் உட்கார்ந்திருந்தான்.

பட்டிமன்றத்தில் இந்தக் கதையை நான் சொன்னேன். அது என் அணிக்கு உதவியதா அவன் அணிக்கு உதவியதா என்று நடுவருக்கே குழப்பம். எனக்கும்தான். சண்டையை மதம் ஆரம்பிக்கவில்லை, என் வயிறு ஆரம்பித்தது. ஆனால் சரோஜா அக்காவிடம் ஐந்து நிமிடத்தில் கத்தி முடிந்திருக்க வேண்டியது, இங்கே பத்து மாதம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு வளர்ந்தது. வேறு மதம் என்பதால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த மண்டபத்துச் சுவர் வேறு கதை, அந்தப் புள்ளியை யூசுப் எனக்குக் கொடுத்ததை நான் திருப்பித் தரமாட்டேன். மற்றபடி யாராவது "அவங்களே அப்படித்தான்" என்று சொன்னால், துண்டை நகர்த்தியவன் பின் இருக்கையில் இருக்கிறானா என்று இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

முன்பணம் கொடுத்துவிட்டதால் அவர்கள் பொத்தேரிக்குப் போனார்கள்தான். பீரோவை யூசுப் அப்பா ஒற்றை ஆளாக எப்படி இறக்குவார் என்று முணுமுணுத்துக்கொண்டே என் அப்பாவும் லாரியில் ஏறிப் போனார், இராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். இப்போது தூக்கு ரயிலில் போய் வருகிறது. செங்கல்பட்டிலிருந்து பொத்தேரி நான்காவது ஸ்டேஷன் அல்ல, ஐந்தாவது, அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். சாதாரண ரயில், ஐந்து ரூபாய், அரை மணி நேரம். கொண்டுபோகும் வேலை ஆயுளுக்கும் என்னுடையது, இரண்டு அம்மாக்களும் சேர்ந்து கொடுத்த தண்டனை. இந்தத் தீபாவளிக்கு இருபது அதிரசம் போனது. நான் கிளம்பியதும் இங்கிருந்து போன் போகும்: "இருபது வெச்சிக்கீறேன், எண்ணிக்கோ." அங்கே போனதும் எனக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே மூடியைத் திறந்து எண்ணுவார்கள். யூசுபும் கூடவே சத்தமாக எண்ணுவான். பதினேழு தட்டு மாங்காயில் இதுவரை நான்கு கழிந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: திருக்கழுக்குன்றத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மாமல்லபுரத்தில் தொப்பி வேண்டும், ஒரு ஆளுக்கு எழுபது ரூபாய் இருந்தால் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். தபசுப் பாறையில் பூனையைத் தவறவிடாதீர்கள். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் மடியில் எவர்சில்வர் தூக்கோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் அது நான்தான், தாராளமாக வந்து பேசுங்கள். மூடியை மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள். எண்ணி வைத்திருக்கிறார்கள்.